அரைமில்லி அக்காவும் நான்கு இழுப்பறைகளும்

கடைக்குள் நுழைந்ததும் அக்கா விலைச்சீட்டைத் தேடுவதில்லை. துணி அலமாரியின் மேல் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது ஓடும் தடத்தைப் பார்ப்பார். பிறகு விரல் நுனியால் லேசாகத் தள்ளிவிடுவார். அது போய் மூடிக்கொள்ளும்வரை மூச்சு விடமாட்டார். "இடது பக்கம் அரை மில்லி இடிக்குது தம்பி" என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்வார். வாங்குவதாகப் பேச்சே கிடையாது. அந்த மாதம் ஐந்து மரச்சாமான் கடைகளில் இந்தச் சோதனை நடந்தது. ஐந்தாவது கடையில் இவர் தலையைக் கண்டதுமே அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் லென்ஸ் விரிசல் விட்டுவிடும், குறைந்தால் கழன்று விழும். இருபது வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் 'அரைமில்லி அக்கா' ஆகிவிட்டார். வயது நாற்பத்திரண்டு. பலமாகக் காற்றடித்தால் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் உடம்பு. எதிரே நிற்பவரின் காலர் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் கை தானாக நீண்டு இழுத்துவிடும், அவர் யாராக இருந்தாலும்.

அவருக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. கணவர் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர். தத்தெடுக்க எழுதிக்கொடுத்து மூன்று வருடம் காத்திருந்த பிறகு, காப்பகத்தில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தியைக் காட்டினார்கள். நான்கு முறை போய்ப் பார்த்தார்கள். முதல் மூன்று முறையும் அவள் வாயைத் திறக்கவில்லை. நான்காவது முறை, கிளம்பும்போது அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்க வீட்ல என் சட்டையை வேற யாரும் போட மாட்டாங்கல்ல?"

"உனக்குன்னு நாலு டிராயர் செஞ்சு வைக்கிறேன். உன்னைத் தவிர ஒருத்தரும் திறக்க மாட்டாங்க" என்றார் அக்கா. அதுவரை ஒரு முக்காலிகூடச் செய்தறியாதவர்.

"செஞ்சதையே வாங்கிக் குடுத்துடலாமே" என்றார் கணவர்.

"அதெல்லாம் இடிக்குதுங்க."

கடைகளில் எத்தனையோ விதம் இருந்தது. மூன்றும் மூன்றுமாக ஆறு இழுப்பறைகளோடு அகலமாகத் தாழ்ந்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு அடுக்கியவை, கீழே கதவும் மேலே இழுப்பறையுமாக இருப்பவை, முன்பக்கம் தொந்தி தள்ளியவை. அக்காவுக்குப் பிடித்தது தாழ்ந்த ரகம்தான். ஆனால் குழந்தைக்கு ஒதுக்கிய சின்ன அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இரண்டடிதான் இருந்தது. ஒடுங்கி உயர்ந்ததுதான் அங்கே நுழையும். "குழந்தைக்குன்னா உயரம் வேணாம்கா, சாயும். இல்லேன்னா சுவத்தோட முடுக்கிடணும்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னது காதில் விழுந்தது. விழாதது போல் நகர்ந்தார்.

காரணம் இருந்தது. சுவர் அவருடையதல்ல. கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர், சாவியைக் கையில் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார்: "சுவத்துல ஒரு ஆணி ஏறக் கூடாது." முன்பிருந்த குடும்பம் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடித்து, அடுத்த மாதமே பெட்டி கட்டியது. தத்து அதிகாரி சொன்னது அதைவிட மோசம்: "வீடு மாறினீங்கன்னா ஃபைல் மறுபடி முதல்லேர்ந்துதான் வரும்."

ஆகவே அந்த அலமாரி சத்தமில்லாமல் உருவாயிற்று. பிளைவுட் கடையில் அளவு எழுதிக்கொடுத்து அறுத்து வாங்கினார். பக்கங்களுக்குப் பதினெட்டு மில்லி, இழுப்பறைகளுக்குப் பன்னிரண்டு, முதுகுக்கும் அடிப்பலகைகளுக்கும் ஆறு. சுத்தியலைத் தொடவே இல்லை. மரப்பசை தடவி, கணவரின் பெல்ட்டுகளால் இறுக்கிக் கட்டி, மேலே தண்ணீர் கேன்களை ஏற்றிவைத்தார். திருகுகளைக் கையாலேயே முடுக்கினார். இழுப்பறை ஓடும் சேனல்களைப் பொருத்த மட்டும் ஐந்து நாள் ஆனது. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் நடக்கப் போனால் ஆறரைக்குத்தான் திரும்புவார். உப்புத்தாள் தேய்ப்பதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். கேட் கிரீச்சிட்டால் கை அப்படியே நின்றுவிடும். பதினெட்டாம் நாள் நான்கு இழுப்பறைகளும் எண்ணெயில் வழுக்குவதுபோல் ஓடின.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். வேகமாகப் பேசும், மெதுவாக எழுதும் பெண்மணி. சமையலறை, குளியலறை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு அலமாரியின் முன் மண்டியிட்டார். அடி இழுப்பறையை இழுத்துத் திறந்தே விட்டார். "நீங்களேவா செஞ்சீங்க?" இரண்டாவதை இழுத்தார். "நல்லா ஓடுதே." மூன்றாவது. நான்காவது.

எந்தச் சத்தமும் வரவில்லை. அலமாரி முன்பக்கமாகத் தலை குனிந்தது. அக்கா ஒரே தாவலில் தோளைக் கொடுத்தார். கணவர் மேல் பலகையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பின்னால் கையூன்றி நகர்ந்து எழுந்தார். திறந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார்.

"காலியா இருக்கறப்பவே இப்படி. அவ ஏறினா?"

"ஏறுவாளா மேடம்?" என்றார் கணவர்.

"படி மாதிரி இருக்கு. அஞ்சு வயசுப் புள்ள ஏறாம என்ன பண்ணும்?" அதிகாரி கோப்பைத் திறந்தார். "பொண்ணுக்குன்னு தனி இடம் இருக்கான்னு ஒரு கேள்வி. மேல விழற சாமான் இருக்கான்னு இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் நான் பதில் எழுதணும். இன்னிக்கு எழுதலேன்னா அடுத்த தத்துக் குழுக் கூட்டத்துக்கு மூணு மாசம் ஆகும்."

அக்கா இதை எதிர்பார்த்தே இருந்தார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தார். அதில் 'எல்' வடிவ இரும்பு ஆங்கிள்கள் இரண்டும், திருகு பிடிக்கச் சுவருக்குள் செருகும் பிளக்குகளும், பிளைவுட் கடையில் இரவல் வாங்கிய டிரில்லும் இருந்தன. வாங்கிப் பத்து நாளாகியிருந்தது. கணவருக்கே அப்போதுதான் தெரியும்.

"கீழே போய் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அவர் வெளியில போனப்புறம் போட்டுக்கலாம்."

"ஒளிஞ்சு ஒளிஞ்சு பண்ணினது போதும். கூப்பிடுங்க."

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் பார்வை நேராக டிரில்லுக்குப் போயிற்று. "என்னம்மா இது? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

அக்கா நான்கு இழுப்பறைகளையும் திறந்துவிட்டார். அலமாரி சாய்ந்தது. இரண்டு கைகளாலும் தாங்கியபடியே பேசினார். "பாத்தீங்களா சார்? இது என் பொண்ணு மேல விழும். ரெண்டு ஓட்டை போடப் போறேன். காலி பண்ணுன்னா பண்ணிடறேன். ஆனா எதுக்காக அனுப்பறீங்கன்னு இந்த மேடம் எதிர்லயே சொல்லிடுங்க. அவங்க எழுதிக்கட்டும்."

குரல் உயரவில்லை. 'என் பொண்ணு' என்று அக்கா சொல்லி அன்றுதான் கணவர் முதன்முதலாகக் கேட்டார். வாசலைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் அலமாரியைப் பார்த்தார். அதிகாரியின் பேனாவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரைப் புறங்கையால் இரண்டு இடங்களில் தட்டினார்.

"எங்க போடப் போற?"

அக்கா காட்டினார்.

"அங்க போட்டா நேரா மேல போயிடுவ. உள்ள ஒயர் ஓடுது." ஜன்னல் பக்கமாக நான்கு விரல் தள்ளி நகத்தால் கீறிக்காட்டினார். "இங்க போடு. போகும்போது பூசிக் குடுத்துட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்."

"பூசிடறேன் சார்."

டிரில் அலறியது. பதினெட்டு நாள் வேலையில் ஒளிக்காமல் எழுந்த முதல் சத்தம். செங்கல் தூள் அக்காவின் முன்கையில் சிவப்பாகக் கொட்டியது. பிளக்கைச் செருகி, ஆங்கிளை வைத்து, விரல் முட்டிகள் வெளுக்கும்வரை முடுக்கினார். பிறகு இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். அலமாரி அசையவில்லை.

"சரி, போதும். பாதுகாப்பான அறைன்னே எழுதிடறேன்" என்றார் அதிகாரி. "திங்கக்கிழமை காலையில வந்து அழைச்சிட்டுப் போங்க."

கணவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா திரும்பவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அடி இழுப்பறையின் விளிம்பில் வலது காலை வைத்தார். அடுத்ததில் இடது காலை. மேல் பலகையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் முழுக் கனத்தையும் பின்னால் சாய்த்து ஓங்கி ஓர் உலுக்கு உலுக்கினார். அலமாரி அரை மில்லிகூட நகரவில்லை.