பட்டனை அமுக்க மறந்த இசையமைப்பாளர்

விளாங்குடியில் மாடி வீடொன்றில் குடியிருக்கும் உபைதுல்லா மூன்று சினிமாவுக்கு இசையமைத்தவர். முதல் படம் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை. இரண்டாவது படம் வாடிப்பட்டியில் நாலு நாள் ஓடியது. முதல் நாள் வந்த கூட்டத்தில் பாதி அவருடைய சொந்தபந்தம். படம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி சைனப், “உங்க பாட்டு எப்பங்க வரும்?” என்று கேட்டாள். “இப்பத்தான் வந்துட்டுப் போச்சு” என்றார் உபைதுல்லா. மூன்றாவது படத்தில் பாட்டு மொத்தத்தையும் எடுத்துவிட்டு, பெயரை மட்டும் ‘உபைதுலா’ என்று போட்டார்கள். “பாட்டை வெட்டுன கையோட பேருலயும் ஒரு எழுத்தை வெட்டிப்புட்டாய்ங்க” என்று அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அடுப்பு எரிந்தது நாட்டியத்தால்தான். சொக்கிகுளத்தில் பரதநாட்டியப் பள்ளி நடத்தும் நாகலக்ஷ்மி ஒரு நாட்டிய நாடகத்துக்கு இசை கேட்டபோது, சினிமாவில் காட்ட முடியாத கைவரிசையை எல்லாம் அதில் இறக்கினார். கீபோர்டிலேயே முப்பது வயலின். நாகலக்ஷ்மி கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஆட வேண்டியதெல்லாம் நீங்களே ஆடி முடிச்சிட்டீங்க. எங்க பிள்ளைகளுக்கு ஒண்ணும் மிச்சமில்லையே.”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் வயலின்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்த இடத்தில் சலங்கை கேட்டது. அதன்பிறகு அந்தப் பள்ளிக்குப் பன்னிரண்டு நாட்டிய நாடகங்கள் செய்துவிட்டார். திருந்திவிட்டதாகத்தான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

பரவையில் வாத்தியாராக இருக்கும் முத்துக்குமரன் போன வருஷம் ஒரு மேடை நாடகம் எழுதி இயக்கினான். வெளிநாட்டில் இறந்துபோன புருஷனின் உடலுக்காக விமான நிலையத்தில் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. நடிக்கிறது சரண்யாதேவி ஒருத்தி மட்டும். இசை உபைதுல்லா. நாற்பது நிமிஷ நாடகத்துக்குப் பதினோரு துண்டு இசை கொண்டுவந்தார். ஒத்திகைக்கு ஒத்திகை முத்துக்குமரன் ஒவ்வொன்றாகக் கழித்தான்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே, இந்த எடத்துல மியூசிக்கு அவங்க முகத்தை மறைக்குது.”

“மியூசிக்கு எப்புடிய்யா முகத்தை மறைக்கும்?”

“உங்க மியூசிக்கு மறைக்குதுண்ணே.”

கடைசியில் மிஞ்சியது நாற்பது விநாடி. சவப்பெட்டியைப் பெற்றுக்கொண்டதாக அவள் கையெழுத்துப் போடும் இடம். மேடை ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒரே ஒரு பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. “இருவது வருச சர்வீசுக்கு இம்புட்டுப் பெரிய பொறுப்பு” என்றார்.

அரங்கேற்றம் ஒரு நாடகப் போட்டியில். சரண்யாதேவி பேனாவை எடுத்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சவுதியின் தம்மாமிலிருந்து வந்த அண்ணனின் சவப்பெட்டிக்கு உபைதுல்லாதான் இப்படிக் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் பேனா எழுதவில்லை; யாரோ வேறு பேனா கொடுத்தார்கள். மேடையில் இசை வரக் காணோமே என்று சரண்யாதேவி ஒரு கணம் காத்திருந்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். மேஜை மைக்கில் பேனா கீறும் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. யாரோ விசும்பினார்கள். உபைதுல்லா குனிந்து பார்த்தால் விரல் அந்தரத்தில் நிற்கிறது. காட்சி முடிந்துவிட்டது.

திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தவரை முத்துக்குமரன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். “அண்ணே, இனிமே அந்த எடம் இப்புடியே இருக்கட்டும்ணே!”

ஆக பதினோராவதும் போயிற்று. அன்று சாயங்காலம் சிறந்த இசைக்கான பரிசு அறிவித்தார்கள். அவர் பெயர்.

மைக்கில் உண்மையைத்தான் சொன்னார்: “நான் ஒண்ணும் பண்ணலைங்க. பட்டனை அமுக்க மறந்துட்டேன்.” எவ்வளவு தன்னடக்கம் என்று நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வீட்டில் சைனப் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “வாசிக்காம இருந்ததுக்கா குடுத்தாய்ங்க?”

“வாசிச்சப்ப ஒருத்தனும் குடுக்கலையே” என்று சிரித்தவர், கொஞ்சம் பொறுத்து, “அண்ணன் ஞாபகம் வந்துருச்சு சைனப்” என்றார். அவள் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுமாதம் அழகுராஜா என்ற சினிமா இயக்குநர் போன் போட்டார். “பாய், அந்த நாடகத்துல பண்ணீங்களாமே, அதே மாதிரி நாலு பாட்டு வேணும்.”

“அதே மாதிரின்னா நான் வரவே வேணாமே” என்றார் உபைதுல்லா. ஆனாலும் மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய் நின்றார். படம் இன்னும் வரவில்லை.

நாடகம் மட்டும் இதுவரை பதினேழு ஊர் பார்த்துவிட்டது. கூடவே போகிறார். எந்த மேஜையில் பேனா நன்றாகக் கீறும், மைக்கை எந்த மூலையில் ஒட்டினால் காகிதச் சத்தம் கேட்கும் என்று மதியத்திலிருந்தே தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கையெழுத்துக் காட்சி வந்ததும் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்டால், “நம்ம மியூசிக்கை நாமளே கேட்டா தலைக்கனம் வந்துரும்ல” என்பார்.