ஹர்ஷினியின் லேப்டாப்பை அழித்த மத்தியானம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பிரியாணி துன்னுட்டுத் தூங்கியிருப்ப, கனா வந்திருக்கும்" என்று சொல்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் மனைவி லீனா அப்படித்தான் சொன்னாள். மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. அன்றைக்கு நான் கண் அசரவே இல்லை.

என் பெயர் ஸ்டான்லி. சொந்த ஊர் சித்தூர். திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், மாடியில், பழைய லேப்டாப் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறேன். சர்ச்சில் வாலிபர் கூட்டத்துக்குச் செயலாளர். பேய் கீய் என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் கிண்டல் பண்ணுகிறவன் நான்தான்.

போன ஆகஸ்ட் மாதம். ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நான் கடைக்கு வந்தபோது மணி 12.40. வடமாலபேட்டையிலிருந்து வேதாச்சலம் என்று ஒருவர் வந்து படியில் உட்கார்ந்திருந்தார். மடியில், பச்சைக்கரைத் துண்டில் சுற்றிய லேப்டாப்.

"என் பொண்ணுது தம்பி. ஹர்ஷினி. டெங்கு ஜுரத்துல பூட்டா. ரெண்டு மாசம் ஆவுது."

ஷட்டரைத் தூக்கி அவரை உள்ளே உட்கார வைத்தேன்.

"தன் போட்டோவ யாரும் பாக்கக்கூடாதுன்னு சொல்லிக்கினே இருப்பா. என்னையே பாக்க வுடமாட்டா. கடைசியா பாஸ்வேர்டு எழுதிக் குடுத்து, 'சுத்தமா அழிச்சிடு நைனா'ன்னா. எனக்கு அது தெரியாது. நீ அழிச்சிட்டு யாருக்காவது வித்துடு தம்பி. நீயும் பாக்காத."

"பாக்க மாட்டேண்ணா. நிம்மதியா போங்க."

அவருடைய நம்பரை என் போனில் போட்டுக்கொண்டு, என் நம்பரையும் கொடுத்தேன். பாதிப் படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியமா?"

"சத்தியமாண்ணா."

ஒன்று சொல்ல வேண்டும். ஃபார்மட் அடித்தால் எல்லாம் போய்விடும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். போகாது. வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றின வீடு மாதிரிதான் அது. ஆட்கள் உள்ளேயே இருப்பார்கள். நிஜமாக அழிக்க வேண்டுமென்றால் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதி நிரப்ப வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கோ அவசரம். யஸ்வந்த் என்ற காலேஜ் பையன் மூன்று மணிக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்க வருவதாக இருந்தான்; இதையே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். சாதா ஃபார்மட்டே போதும் என்று முடிவு செய்தேன்.

அது மட்டும் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வருகிற லேப்டாப்பில் பாட்டு, சினிமா இருந்தால் பென் டிரைவில் இழுத்துக்கொள்வோம். அன்றும் இழுத்தேன். கூடவே அவளுடைய போட்டோ ஃபோல்டரும் வந்துவிட்டது.

ஒரே ஒரு படத்தைத் திறந்து பார்த்தேன். யாருக்குத் தெரியப் போகிறது என்ற திமிர்தான்.

தப்பான படம் ஒன்றும் இல்லை. தலைக்குக் குளித்து, தலையில் துண்டு சுற்றி, மொட்டை மாடியில் நிற்கிறாள். பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். கன்னத்தில் தண்ணீர்ச் சொட்டு. அதே பச்சைக்கரைத் துண்டு... அது இப்போது என் மேஜை மேல் கிடந்தது.

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபார்மட் அடித்தேன். விண்டோஸ் புதிதாக ஏற்றினேன். முடியும்போது மணி 1.45. உள்ளறையில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.

1.52.

டக்... டக் டக்... டக்...

யாரோ டைப் அடிக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். கடையில் யாரும் இல்லை. சாப்பிடப் போகுமுன் நான் இழுத்துவிட்டிருந்த ஷட்டர் அப்படியே இருந்தது. லேப்டாப் திரையில் மட்டும் ஒரு ஃபோல்டர். 'ஹர்ஷினி'.

கீபோர்டைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

நான்தான் சரியாக அடிக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஃபார்மட் அடித்தேன். மறுபடி விண்டோஸ். இந்தத் தடவை நகரவே இல்லை, எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

2.24. என் கண் முன்னால், நான் கை வைக்காமலே, நோட்பேட் திறந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

'சரியா அழிங்க அண்ணா.'

மேஜையிலிருந்து என் முழங்காலில் என்னவோ சொட்டியது. துண்டு... பிழியாத துணி மாதிரி நனைந்திருந்தது.

யஸ்வந்த்துக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு வராதடா."

"ஏமைந்தி அண்ணா, என்ன ஆச்சு?"

"வராதன்னா வராத."

"சரே அண்ணா..."

2.31க்குப் பூஜ்யம் எழுத ஆரம்பித்தேன். வாயில் பைபிள் சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் வசனம் மறந்துபோனது. ஓடிவிடலாம் என்றால் ஷட்டருக்குப் போக அந்த மேஜையைத் தாண்ட வேண்டும்.

4.38. முடிந்தது. ஆஃப் பண்ணினேன். பேட்டரியைக் கழற்றினேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

4.41.

டக்... டக் டக்...

லேப்டாப் இல்லை. பேட்டரிதான் என் கையில் இருக்கிறதே.

டக்... டக்...

பக்கத்தில்...

இன்னும் பக்கத்தில்...

என் நெஞ்சில்.

சட்டைப் பை.

பென் டிரைவ்! அதை மறந்தே போயிருந்தேன். எதிலும் செருகாத அதில் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

தரையில் போட்டேன். சுத்தியலை எடுத்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். தூளாகிற வரைக்கும் அடித்தேன்.

சத்தம் நின்றது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். 4.47.

மறுநாள் காலையில் வேதாச்சலம் போன் செய்தார்.

"ரொம்ப நன்றி தம்பி. நேத்தே உன் கடைப் பொண்ணு சொல்லிடுச்சி."

"எந்தப் பொண்ணுண்ணா?"

"உன் நம்பர்லேந்துதான் பேசுச்சி. 'எல்லாம் போயிடுச்சி நைனா. இன்னும் ஒண்ணே ஒண்ணு அந்த அண்ணாகிட்ட இருக்குது'ன்னுச்சி. என்னை ஏன் தம்பி அது நைனான்னுச்சி? குரலு கூட..."

அவர் போனை வைத்துவிட்டார்.

என் கடையில் பெண்கள் யாரும் வேலை செய்யவில்லை. போனில் பார்த்தேன். என் நம்பரிலிருந்து வேதாச்சலத்துக்கு ஒரு அழைப்பு போயிருக்கிறது. மாலை 4.47. பதினோரு நொடி. அந்த நேரத்தில் என் இரண்டு கையும் சுத்தியலில் இருந்தன.

அந்த 'ஒண்ணே ஒண்ணு' எது என்று கடை முழுக்கத் தேடினேன். டிஸ்க், போன், மெமரி கார்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எங்கேயும் இல்லை.

பிறகுதான் புரிந்தது. நான் திறந்து பார்த்த அந்த ஒரு படம் இன்னும் என் ஞாபகத்தில் இருக்கிறது. அதை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தில் அவள் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னேன் அல்லவா?

இப்போது நான் கண்ணை மூடினால், அவள் சிரிப்பதில்லை. நேராக என்னைப் பார்க்கிறாள்.