நான் கழற்றிவிட்ட காரணம்

1. பெட்டிகளும் கோடுகளும்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் கண்டிக்கு வெளியே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். பிரிவு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு அறை, மூன்று கம்ப்யூட்டர், நான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அப்போது அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருந்தோம். புரோகிராம் எழுத நான் படிக்கவில்லை. டேட்டா என்ட்ரியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே வந்தவள்.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சீடி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'நோ-கோட்' என்கிறார்களே, அந்த வகைச் சாமான். திரையின் இடது பக்கம் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டி ஃபைலை வாசிக்கும். ஒன்று அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடும் வேண்டாத கொலத்தை நீக்கும். இன்னொன்று பழைய பதிவுகளைப் பார்த்துத் தானாகப் படித்து, இனி நடக்கப்போவதை ஊகிக்கும். வேண்டியதை மவுஸால் இழுத்து நடுவில் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடு இழுத்தால் போதும். ஒரு வரி எழுதத் தேவையில்லை. பெட்டியின் அடியில் சிவப்பு விளக்கு என்றால் பிழை, பச்சை என்றால் ஓடும்.

ஃபெக்டரி மனேஜர் ரணவீர என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். சிங்களத்தில்தான் கேட்டார்.

"மிஸ், ஒவ்வொரு காலையும் எத்தனை மெஷின் ஆளில்லாமல் சும்மா நிக்குது? நாளைக்கு யார் வரமாட்டாங்க எண்டு இது முதலே சொல்லுமா?"

"சொல்லும் சேர்," என்றேன்.

வரவுப் பதிவெல்லாம் ஆளணிப் பிரிவு கிளார்க் பாஹிமிடம் இருந்தது. கட்டுகஸ்தோட்டைக்காரர், பொறுமையான மனிதர். இரண்டு வருடப் பதிவை எக்ஸெல் ஷீட்டாகத் தந்தார். பெயர், வயது, விலாசம், வரும் பஸ், அடையாள அட்டை இலக்கம், வராத நாட்கள். கடைசியில் 'காரணம்' என்று ஒரு கொலம். தொழிலாளர்கள் வந்து சொன்னதை அவர் அப்படியே தட்டியிருந்தார், சிங்களம், தமிழ், இங்கிலீஷ் எல்லாம் கலந்து. பொலிஸ் என்ற ஒரு சொல்லையே ஏழெட்டு விதமாக எழுதியிருந்தார்.

படிக்கும் பெட்டிக்குக் கோடு இழுத்ததும் சிவப்பு விளக்கு வந்தது. அந்தக் கொலத்தை அதனால் விழுங்க முடியவில்லை. அரை நாள் போராடினேன். பிறகு 'கொலம் நீக்கு' பெட்டியை இடையில் போட்டு, 'காரணம்' என்பதற்கு நேரே ஒரு டிக் வைத்தேன்.

எல்லாம் பச்சை.

ஓடி முடிந்ததும் திரையில் மரம்போல ஒரு படம் வந்தது. அது கேட்ட முதல் கேள்வி: அடையாள அட்டை இலக்கம் வெறுமையாக இருக்கிறதா? இரண்டாவது: எந்தப் பஸ்? அந்தக் கேள்விகளுக்குள் அகப்படுகிறவர்கள் யார் என்று நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிடம் யோசித்தேன். சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னதால் அந்த யோசனையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு லைனுக்கும் எத்தனை மேலதிக ஆட்களை வைத்திருப்பது என்று திட்டமிடத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதிகம் வராமல் போகக்கூடியவர்களின் பெயர்களை மேலே வைத்த பட்டியலை ரணவீரவிடம் கொடுத்தேன்.

2. பதினொரு கடிதங்கள்

இரண்டு மாதம் கழித்து பாஹிம் ஒரு கட்டுக் கடிதங்களோடு வந்தார். தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரமாக வேண்டிய பதினொரு பேரை நிறுத்தும் கடிதங்கள். பெயர்களை என் பட்டியலின் மேல்பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். அவற்றை முந்திய நாளே உரியவர்களிடம் கொடுத்தாயிற்று. இவை கோப்புக்கான பிரதிகள்.

"மிஸ், இதைக் கொஞ்சம் பாருங்க. ஒம்பது பேர் ஹேவாஹெட்ட பஸ்ஸில வாரவங்க, எல்லாம் தேயிலைத் தோட்டத்துப் புள்ளைகள். இந்தப் புள்ளையும் இதுக்குள்ள ஈக்கிது."

அவர் விரல் வைத்த பெயர் செல்வமலர். கொலர் தைக்கிற லைனில் அவளைப்போல் கை ஓடுகிறவள் இல்லை என்று சுப்பவைசர்மாரே சொல்வார்கள். இருபது வயது. என்னைக் கண்டால் "சாப்பிட்டீங்களா மிஸ்" என்று கேட்காமல் போகமாட்டாள்.

ரணவீரவிடம் ஓடினேன்.

"சேர், நான் இதுக்காகச் செய்யேல்லையே."

அவர் கெட்ட மனிதர் அல்ல. களைத்துப் போயிருந்தார். "ஓடர் கப்பலுக்குப் போக வேணும் மிஸ். வராதவங்களை நிரந்தரமாக்கச் சொல்றீங்களா? லிஸ்ட் உங்கட தானே," என்றார்.

அறைக்குத் திரும்பி எக்ஸெல் ஷீட்டைத் திறந்தேன். கழற்றிவிட்ட கொலத்தை வரி வரியாக, என் கண்ணாலேயே வாசித்தேன். செல்வமலர் ஆறு நாள் வரவில்லை. பாஹிம் தட்டியிருந்தது இது:

'பஸ்ஸில் இறக்கினார்கள். ஐடி இல்லை. பின்னேரம் விட்டார்கள்.'

'பொலிஸ். அப்பா வந்து கூட்டிப் போனார்.'

'செக் பொயின்ட்.'

'செக் பொயின்ட்.'

'அம்மாவுக்குச் சுகமில்லை.'

'செக் பொயின்ட்.'

எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் வீதியில் சோதனை இறுகும். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அடையாள அட்டை இருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, பெயரில் எழுத்துப் பிழை, விண்ணப்பம் எங்கோ கிடக்கிறது என்று ஏதோ ஒன்று. அந்த ஒன்பது பேரும் வராத நாட்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட நாட்களே. அவர்கள் வேலைக்குத்தான் புறப்பட்டிருந்தார்கள்.

அந்த வீதியில் நானும்தான் போய்வந்தேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் என்னையும் இறக்கி நிற்பாட்டியிருக்கிறார்கள், நானும் பிந்தி வந்திருக்கிறேன். ஆனால் உத்தியோகத்தரின் வரவு அந்த ஃபைலில் இல்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து ரணவீரவின் மேசையில் வைத்தேன். அவர் நேரமெடுத்து வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபோட்டோ ஒட்டி, சீல் வைச்சு, சிங்களத்தில ஒரு கடிதம் கொடுத்திருந்தா போதுமே மிஸ். இங்க வேலை செய்யிற ஆள் எண்டு. இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?"

பிள்ளைகள் பாஹிமிடம் சொல்லியிருந்தார்கள். பாஹிம் எழுதி வைத்திருந்தார். நீக்கியவள் நான்.

அப்படி ஒரு கடிதம் கொடுக்கத் தொடங்கினோம். அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள் வராத நாட்கள் குறைந்தன. நிறுத்தப்பட்டவர்களுக்குத் திரும்பி வரச்சொல்லித் தந்தி அடித்தார் பாஹிம். பலர் வந்தார்கள். செல்வமலரிடமிருந்து பதில் இல்லை.

3. ஹேவாஹெட்ட

சில மாதங்களுக்குப் பிறகு செல்வமலர் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று லைனில் ஒருத்தி சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஹிமைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் ஏறி, இறங்கி, தேயிலைக்குள்ளால் மேலே நடந்தோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அவள் கறிக்குப் போஞ்சிக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள்.

"வாங்க மிஸ். உள்ளுக்கு வாங்க. தேத்தண்ணி குடிப்போம்."

அவள் அப்பா ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவளே எல்லாவற்றையும் சொன்னாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. வேலை போனதும் கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போயிருக்கிறாள். மூன்றாவது கிழமை அந்தத் தெருவில் சுற்றிவளைப்பு. ஐடி இல்லை, கொழும்பில் தங்கும் தமிழர்கள் செய்ய வேண்டிய பொலிஸ் பதிவும் இல்லை. கொண்டுபோய் மாதக்கணக்காக வைத்திருக்கிறார்கள். அடித்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை.

"நான் உள்ளுக்கு இருக்கிறப்போ அம்மா செத்துப் போச்சு மிஸ். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தப்பறம்தான் சொன்னாங்க."

நான் கொண்டுபோன நியமனக் கடிதத்தைக் கொடுத்தேன். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். முழுவதும் வாசித்தாள். மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். அந்த ரோட்டுல இனி என்னால பஸ்ஸுல போக முடியாது. யூனிஃபோம் கண்டா கை நடுங்குது. நடுங்குற கையால எப்படித் தைக்கிறது? தோட்டத்துலயே கொழுந்து பறிக்கப் பேர் பதியப் போறேன்."

பாஹிம் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"மிஸ், அந்த லிஸ்ட்டு யாரு போட்டது? எம்மேல யாருக்கும் கோவமா?"

"ஒருத்தருக்கும் கோவமில்லை. அது கம்ப்யூட்டர் போட்டது," என்றேன்.

"அப்போ சரி மிஸ். யாருக்கோ எம்மேல ஏதோ இருக்குன்னு நெனச்சு நெனச்சு அழுதேன்," என்றாள். அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

திரும்பும் பஸ்ஸில், அம்பிட்டியவில் நான் இறங்க எழுந்தபோது, "அவக்கு ஆறுதலாத்தான் சொன்னீங்க, வெளங்குது மிஸ்," என்றார் பாஹிம் மெதுவாக.

ஆறுதலுக்காக நான் அதைச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஃபைலை இணைத்தவள், டிக் வைத்தவள், மரத்தைப் பார்த்த பிறகும் பட்டியலைக் கையளித்தவள் எல்லாம் நான்தான். அதைச் சொல்ல இன்னொரு முறை மலை ஏறியிருக்கலாம். யுத்தம் முடிந்தது, வீதிச் சோதனைகளும் நின்றன, பஸ் எப்போதும்போல் ஓடியது. நான் போகவில்லை. பிறகு அவள் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

இப்போது கண்டியில் சில பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி இழுக்கும் வேலையைச் சொல்லிக் கொடுக்கிறேன். சாமான் நிறைய முன்னேறிவிட்டது, அந்தக் கொலத்தையும் இன்றைக்கு அது வாசித்துவிடும். பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆட்களின் பெயர் வருகிற எந்தப் பட்டியலிலும், அடியில், 'தயாரித்தவர்' என்று எழுதி உங்கள் முழுப் பெயரை வையுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உங்களைத் தேடி வந்து ஏன் என்று கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். செல்வமலருக்கு நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.