இரண்டு அம்மாக்களும் ஒரு முகூர்த்தமும்

என் மகளின் கல்யாணத்தை அவள் அப்பா இறந்த வருஷத்துக்குள்ளேயே நடத்தினோம். வருஷம் திரும்புவதற்குள் செய்யாவிட்டால் ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். குவார்ட்டர்ஸையும் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காலை ஷிஃப்டுக்குப் போனவர் சைக்கிளை நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் எனக்குக் கேட்டது.

கல்யாண வேலைகளையும் அப்படித்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வருவேன். மகள் ஏதாவது கேட்பாள். சரி என்பேன். என்ன கேட்டாள் என்பது சமையல் முடிந்த பிறகு நினைவுக்கு வரும்.

மாப்பிள்ளை இங்கிலாந்துக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மிஷின் பொருத்த வந்தவர். மகள் அங்கே டிராயிங் பிரிவில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு விஷயம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, "சாம்பார் சாதத்தை ஸ்பூன்ல சாப்பிடறான், மத்தபடி குறை ஒண்ணும் இல்ல" என்று முடித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இந்தக் கல்யாணமே நடந்தது.

பூந்தமல்லியில் மண்டபம். காலையில் நம் முறைப்படி தாலி, மாலையில் அதே மண்டபத்தில் அவர்கள் முறைப்படி மோதிரம். காலையில் கூறைப்புடவை, மாலையில் வெள்ளை கவுன். வெள்ளை என்றதும் என் கணவரின் அண்ணன் முகம் சுருங்கியது. துணியில் கொஞ்சம் ஜரிகை வைத்துத் தைக்கலாம் என்று மகள் சமாதானம் செய்தாள். கேக்குக்கு ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் சொன்னோம். கடைக்காரர் அதுவரை பிறந்தநாள் கேக் மட்டும்தான் செய்தவர். எத்தனை மெழுகுவத்தி வேண்டும் என்று கேட்டார். மகள் சிரித்தாள். நான் ஏனோ பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு முறையிலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டிக்கொண்டோம். காலையில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா வேண்டும். மாலையில் வாசலிலிருந்து மேடைவரை பெண்ணின் கையைப் பிடித்து நடத்திவரவும் அப்பா வேண்டும். தாரை வார்ப்பதை அவர் அண்ணனும் அண்ணியும் செய்வதாகப் பேச்சு. மண்ணூர்பேட்டையில் இருந்தார்கள். அவரை நான் மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். நான் எங்கே நிற்பது என்று யாரும் பேசவில்லை. உள்ளே இருப்பேன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் என்னைத் தள்ளிவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயம் என்னுடையது. வேறு யார் வீட்டிலாவது என்றால் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நானே பேசியிருப்பேன். என் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது என் கண் அதில் படக்கூடாது என்று மட்டும் இருந்தது.

மகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நீ மேடையில நிக்கலன்னா எனக்கு மேடையே வேணாம்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு ஃபிளைட் ஏறிடறேன்." செய்யக்கூடியவள்தான். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். கூட வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர். வாசலில் அக்கா இருவரையும் ஜோடியாக நிற்கவைத்து ஆரத்தி சுற்றினாள். அந்த அம்மாவின் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்து, குட்டை முடியில் எப்படியோ பூவையும் சொருகினாள். மாப்பிள்ளையின் அப்பா இறந்துவிட்டார் என்று மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். அதை நான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. எதையும் எடுத்துச் சொல்கிற தெம்பு அப்போது இல்லை.

காபி சாப்பிட்டுக்கொண்டே மாலை நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினோம். பெண்ணை யார் அழைத்து வருவார்கள் என்று அந்த அம்மா கேட்டார். அம்மாவும் அழைத்து வரலாம், தவறில்லை என்றார். கணவர் இறந்த பிறகு மூத்த மகன் கல்யாணத்தைத் தான் ஒருத்தியாகத்தான் நடத்தியதாகவும் சொன்னார். மாமாவுக்கு எஸ்டேட்டில் வேலை பார்த்துப் பழகிய இங்கிலீஷ் தெரியும். அவர் பெரியவரைப் பார்த்து, "ஹஸ்பெண்ட்?" என்றார். பெரியவர் அவசரமாகத் தலையாட்டி, "நோ, நோ, மை சிஸ்டர்" என்றார்.

அக்கா கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். அண்ணன் தங்கையை ஜோடியாக நிறுத்தி ஆரத்தி எடுத்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நெற்றியில் குங்குமம் வேறு. சம்பந்தி நெற்றியில் வைத்ததைத் துடைக்கவா முடியும்?

"வெச்சது வெச்சாச்சு" என்றாள். "அந்தம்மாவுக்கும் நல்லாத்தான் கீது."

"அவங்களுக்கு நம்ம வழக்கம் கெடயாது. அது வேற கணக்கு" என்றார் மாமா.

மகள் விடவில்லை. "நானும் அங்கதான பெரியப்பா வாழப் போறேன். அப்ப எனக்கும் கெடயாது."

மாமா இன்னொரு காபி கேட்டார். கடைசியில் ஒரு மாதிரி பேசி முடித்தோம். மாலையில் நான் மகளோடு நடந்து வருவேன். அது நம் சடங்கில்லை, அதனால் பாதகமில்லை. காலையில் உள்ளே இருப்பேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றாள். அந்த அம்மா அவளிடம் என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும். இருவரும் வாசல் வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்று பேசினார்கள். நடுவில் ஒருமுறை ஜன்னல் வழியாக அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

முகூர்த்தத்தன்று காலை நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன். தேங்காய் மூட்டைகளும் தாம்பூலப் பைகளும் அடுக்கியிருந்தன. பைகளில் வெற்றிலை வைத்துக்கொண்டிருந்தேன். செய்ய ஆள் இருந்தார்கள். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. நாதஸ்வரம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா வந்தார். பட்டுப்புடவையில் ஏகப்பட்ட ஊக்கு குத்தியிருந்தார்கள். கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்து, ஒரு அரிசி மூட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீங்கள் மேடையில் இருக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

"கணவர் இல்லாத அம்மாக்கள் இங்கே இருக்க வேண்டும் என்றுதானே உங்கள் மகள் சொன்னாள்?"

அவர் சண்டைக்கு வரவில்லை. வந்த நாளிலிருந்து சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தவர். செருப்பைக் கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றினார், வலது கையால் வாங்கச் சொன்னால் வலது கையால் வாங்கினார். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். மகன் தாலி கட்டுவதைப் பார்க்க முடியாது என்று நினைத்தே வந்து உட்கார்ந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது.

இது உங்களுக்கு இல்லை, எனக்கு மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எப்படிச் சொல்வது? இங்கிலீஷ் இருந்தது. சொல்ல முடியவில்லை.

அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்தாள். "சம்பந்தியம்மாவ காணோம்னு ஊரே தேடுது. ஐயரு தாலிய வெச்சுகினு குந்திகினு கீறாரு. இங்க இன்னா மாநாடா?"

தானும் இங்கேதான் இருக்க வேண்டும் என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுந்திரு டீச்சரே."

"நான் எப்படிக்கா…"

"நீ வந்தாதான் அந்தம்மா வரும். மாப்ள அம்மாவ அரிசி மூட்ட மேல குந்த வெச்சுட்டு தாலி கட்டுனா நாளைக்கு நம்மள இன்னா பேசுவாங்க? நேரம் போவுது, வா."

எழுந்தேன். தைரியம் வந்து எழவில்லை. சம்பந்தியை அங்கே உட்காரவைக்கக்கூடாது என்பதற்காக எழுந்தேன். அவர் தன் புடவையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேடையின் பின்வரிசையில் நின்றோம். மாமா எங்களைப் பார்த்துவிட்டு ஐயர் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள். யாரோ என் கையில் அட்சதை கொடுத்தார்கள். மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுக் குனிந்து கழுத்தை நீட்டினாள். கெட்டிமேளம் கொட்டியது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. முடிச்சு விழுவதை முழுசாகப் பார்த்தேன். சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மேடைப் பலகை காலுக்குக் கீழே ஆடுவது மட்டும் தெரிந்தது.

மாலையில் அவளோடு நடந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இப்போது அவள் அங்கே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வாள். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, ரோட்டில் பனியில் கார் சறுக்கியது என்றோ சொன்னால், எனக்கு அந்த மேடைதான் முன்னால் வருகிறது. நான் பார்த்தது முன்னால் வருகிறது. ஒருமுறை அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டேன். "அந்த ஊர்ல மழ பேஞ்சா அதுக்கும் நீதான் காரணமா?" என்று திட்டினாள். அந்தம்மாவும்தானே பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தார், அவர் நிம்மதியாகத் தூங்கவில்லையா என்றாள்.

அவர் தூங்குவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் குரல் கேட்கும்வரை நான்தான் ஃபோன் இருக்கிற அறையை விட்டு அதிகம் நகர்வதில்லை. எல்லாரும் நல்லா இருக்கோம்மா என்பாள். சரிம்மா என்பேன். பிறகு, இன்னொரு தடவை சொல்லு என்பேன்.