வெரேனாவின் பெரிய நத்தை

கல்லை நக்கிப் பார்க்காமல் வெரேனா காலைக் காப்பியைத் தொடமாட்டாள். ஈரம் பட்டால்தான் உள்ளே கல்லாகிப்போய் இருக்கும் சிப்பி கண்ணுக்குத் தெரியுமாம். என் மலை விடுதியில் தங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். "நீங்க அந்த நாத்தம் புடிச்ச பாலாடைக்கட்டியத் திங்கிறீங்க, நான் ஏதாவது சொன்னேனா?" என்பாள்.

ஊர் அருங்காட்சியகத்தில் வேலை. ஆம்பிளை பூட்ஸ் போட்டுத்தான் நடப்பாள். ஒரே பையில் சுத்தியலும் உளியும், புகையில் வாட்டிய பன்றி இறைச்சியும் கிடக்கும்.

எங்கள் டோலமைட் மலைகள் ஒரு காலத்தில் கடலடி. இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் ஏறக்குறைய எல்லாமே செத்தன. அந்தச் சாவுக்கு அடுத்து வரும் பாறை அடுக்கில் கடுகு பருமன் நத்தைகள்தான் கிடைக்கும். கடல் தேறிப் பெரிய உயிர்களைப் பெற வெகுகாலம் ஆனது என்பது பேராசிரியர் அர்னோல்டின் கட்சி. வெரேனா ஒப்புக்கொள்ளமாட்டாள். "சாவு விழுந்த வீட்லயே மறுநாள் உலை வைக்கிறாங்க. கடல் மட்டும் மூலையில உக்காந்து அழுதுக்கிட்டே இருக்குமா?"

அந்த அடுக்கிலேயே பெரிய நத்தை உண்டு என்று ஓர் உடைந்த துண்டை வைத்துக் கட்டுரை எழுதியும் விட்டாள். வருகிற ஆய்வாளர் கூட்டத்தில் முழுசாக ஒன்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும்.

போன வாரம் நானும் அவளோடு சரிவுக்குப் போனேன். இறைச்சி நறுக்க உட்கார்ந்தவள் காலடியில், கல்லாகிப்போன ஒரு நத்தை தனியாகக் கிடந்தது. சின்ன எலுமிச்சை அளவு.

"கெடச்சிருச்சுடி!" என்று நான்தான் கத்தினேன். அவள் சிரிக்கவில்லை. பெரிய நத்தைகள் சாதாரணமாகக் கிடைக்கும் உச்சியின் பிற்காலப் பாறைகளிலிருந்து எங்கள் சரிவில் கல் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழுந்த சிப்பி ஒன்றை நம்பி அர்னோல்ட் ஒருமுறை ஏமாந்தார். "அண்ணாந்து பாத்தீங்களா, புரொஃபசர்? விழுந்த கல்லு சாட்சி சொல்லாது" என்று சபையில் அவர் மானத்தை வாங்கியவள் இவள்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"பாறையிலதான் இருந்துச்சுன்னு சொல்லிடேன். பாத்தது நானும் அங்க மேயுற ஆடுங்களுந்தான்."

"ஆடு வாயத் தொறக்காது. நீ தொறப்ப."

"அப்போ தூக்கிப் போட்டுட்டு வா."

"எதுக்குடி போடணும்? இது உக்காந்திருந்த குழின்னு ஒண்ணு எங்கயாவது இருக்கும்ல?"

மழை தூறத் தொடங்கியது. பாறைச் சுவரில் அந்தக் கடுகு நத்தை அடுக்கு ஓடும் வழியெல்லாம் நடந்து, குழிக்குக் குழி நத்தையை வைத்துப் பார்த்தாள். ஒன்றில் ஆடியது, ஒன்றில் நுழையவே இல்லை. நான் திட்டிக்கொண்டே பின்னால் போனேன். அவள் தோற்று நிற்பதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை, அதுதான் உண்மை. அவளோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அதே அடுக்கில், தோள் உயரத்தில், பாசி படிந்த ஒரு குழி. கட்டைவிரலால் துடைத்தாள். நத்தையை ஒருமுறை நக்கி, உள்ளே வைத்து லேசாகத் திருகினாள். வரிக்கு வரி பொருந்தியது. பிறகு கையை எடுத்தாள். அது விழவில்லை. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து இறைச்சியை எடுத்து நறுக்கி, முதல் துண்டை என் பக்கம் நீட்டினாள்.