ராசனுக்கு ஊற்றிய கிளாஸ்

ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் மகேஸ்வரன் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்றில் குழாயைத் திருப்பினால் பியர் வரும். சும்மா கதையில்லை. பழைய பிரிட்ஜ் ஒன்றின் கதவில் துளை போட்டு, உள்ளே உருக்குப் பீப்பாய், பக்கத்தில் காஸ் சிலிண்டர், வெளியே பளபளவென்று ஒரு குழாய். அத்தனையும் அவர் தன் கையாலே பொருத்திப் பூட்டியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனிதர். தொழிற்சாலையில் கூட நின்ற போலந்துக்காரன் வீட்டில் பியர் வடிப்பதைப் பார்த்தே பழகிக்கொண்டார். கடைசியில் அந்தப் போலந்துக்காரனே இவருடைய பியரைக் குடித்துவிட்டு, இது கடையில் வாங்கியது, நீ பொய் சொல்கிறாய் என்று சண்டைக்கு வந்தான். இந்தக் கதையை மகேஸ்வரனிடம் கேட்காத தமிழன் ஸ்காபரோவில் இருந்தால் அவன் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருப்பான்.

ஆனால் குழாய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. போத்தல் என்றால் முடிந்துபோகும். வெறும் போத்தல் மேசையில் நின்று ஆளைக் காட்டிக்கொடுக்கும். குழாய் வாயே திறக்காது. உடுப்புத் தோய்க்கக் கீழே போனால் அரைக் கிளாஸ். ஹீட்டரைப் பார்க்கப் போனால் அரைக் கிளாஸ். ஒரு அலுவலும் இல்லாமல் போனாலும் அரைக் கிளாஸ்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசியில் அந்தக் குழாயில் அவர் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தார். தம்பி இராஜரட்ணம், வீட்டுக்கு ராசன், வன்னியில் யுத்தத்துக்கு நடுவே சனத்தோடு சனமாகக் கடற்கரையில் ஒதுங்கியிருந்தான். சித்திரை வருசம் கழிந்து ஒருநாள் யாருடையதோ போனில் பேசினான். "அண்ணை, பங்கருக்குள்ளை தண்ணி வந்திட்டுது. பிறகு எடுக்கிறன்." பிறகு எடுக்கவில்லை. அன்றே மகேஸ்வரன் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டார்: ராசனின் குரல் கேட்கும்வரை தொடமாட்டேன்.

அங்கே பொழுதுபடும்போது இங்கே விடியும். ஆகவே அழைப்பு வந்தால் காலையில்தான் வரும். விடிந்ததும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே நடப்பார், கீழே நடப்பார். கீழே பிரிட்ஜ் மெல்ல உறுமிக்கொண்டு நிற்கும். குழாயைத் துடைப்பார். துடைத்ததைத் திரும்பத் துடைப்பார். ஊற்றி மணந்தாவது பார்ப்போமா என்று வரும். உடனே, பேஸ்மென்றில் போன் சரியாக வேலை செய்யாது என்ற எண்ணம் வரும். மேலே ஓடுவார். மேலே போனதும் கீழே ஏதோ மறந்துவிட்டாற்போல இருக்கும்.

பதினெட்டாம் திகதி விக்டோரியா தின விடுமுறை. யுத்தம் எல்லாம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. தனிய வீட்டில் இருக்க மாட்டாமல் நாலைந்து பேர் மத்தியானமே மகேஸ்வரனின் பேஸ்மென்றுக்கு வந்துவிட்டார்கள். குழாய் ஓடியது. மகேஸ்வரன் மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார், தான் தொடவில்லை. வெளியே பிள்ளைகள் விடுமுறைக்கு வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எல்லாருடைய தோளும் ஒருமுறை குலுங்கியது.

யேசுரட்ணம் எழுந்தார். பழைய கூட்டாளி, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், இளகின மனம். நுரை ததும்ப ஒரு கிளாஸ் வார்த்து, ஆளில்லாத கதிரைக்கு முன்னால் மேசையில் வைத்தார்.

"உது ஆருக்கு?" என்றார் மகேஸ்வரன்.

"ராசனுக்கு மச்சான். அவனும் எங்களோடை இருக்கட்டும்."

செத்தவனுக்கு எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்றைக்குத்தான் இப்படி வைப்பார்கள். அவனுக்கு விருப்பமான கறி, அவன் குடித்த சாராயம், அவன் பிடித்த சுருட்டு, எல்லாம் இலையில் படைத்து, ஆளில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மற்றவர்களுக்கும் அது விளங்கிவிட்டது. ஒருவர் தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எடு அதை," என்றார் மகேஸ்வரன்.

"ஏன் மச்சான்? நான் ஒரு அன்பிலை…" யேசுரட்ணம் கிளாஸை எடுக்கக் கை நீட்டினார்.

"எடுத்து என்ன செய்யப்போறாய்? ஊத்தப்போறியோ? படைச்சதை ஊத்துறதோ?"

யேசுரட்ணத்தின் கை பாதி வழியில் நின்றது. வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நுரை அடங்கிக்கொண்டு வந்தது. குடிக்காமல் நேர்த்தியைக் காத்தால் தம்பி அந்த மேசையில் செத்தவனாக நிற்பான். மகேஸ்வரன் எட்டிக் கிளாஸைத் தூக்கினார். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"ராசன் வந்து என்ரை பங்கு எங்கையெண்டு கேட்டால், கொண்ணன் களவாய்க் குடிச்சிட்டான் எண்டு சொல்லுங்கோ. உயிரோடை இருக்கிறவனுக்குத்தான் பங்கு கேக்கத் தெரியும்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் ஒருவர் இருமினார். யேசுரட்ணம் கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

இப்போது மகேஸ்வரனும் குழாயும்தான். நாக்கில் கசப்பும் குளிரும் அப்படியே நின்றன. இவ்வளவு நல்லாய் ஒருநாளும் வடித்ததில்லை என்ற பெருமையும் அந்த நேரத்தில் வந்து தொலைத்தது. நேர்த்திதான் உடைந்துவிட்டதே, இனி என்ன? கை தானாகவே போய்க் குழாயின் கைப்பிடியில் இருந்தது. முதல் கிளாஸ் ராசனுக்காக. இரண்டாவது ஆருக்காக? சாமிக்குச் சொல்ல ஒரு பெயர் தேடினார். தன் பெயரைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இனிப் பியர் வராதபடி குனிந்து காஸ் சிலிண்டரை மூடிப் பூட்டினார், குழாய் சீறி அடங்கும்வரை காற்றைத் திறந்துவிட்டார், போனை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

மேலே வாசலில் பக்கத்து வீட்டு அருள்நாயகி சோற்றுச் சட்டியோடு நின்றாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பதால் அயலட்டை சமைத்துக் கொடுக்கும் சோறு. மகேஸ்வரனின் மனைவி குணவதி அதை வாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட, ஒரு வாய் சாப்பிடுங்கோ பிள்ளை. எல்லா வீட்டிலையும் இதுதானே நிலைமை…" என்றாள் அருள்நாயகி.

குணவதி திரும்பினாள். பியர் மணம் அவளுக்கு எட்டிவிட்டது.

"குடிச்சனீங்களோ?"

"ஓம். ராசனுக்கெண்டு யேசு ஒரு கிளாஸ் வைச்சிட்டான். படைச்ச மாதிரி நிண்டுது, குணம். நான் எடுத்துக் குடிச்சிட்டன்."

"ஒண்டுதானோ?"

"ஒண்டுதான். காஸைப் பூட்டிப்போட்டன்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு நேரே பிரீசரைத் திறந்து, உறைந்து கல்லாய்க் கிடந்த விளைமீனை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். துக்க வீட்டுக்குள் மீன், மச்சம் வராது. அது அருள்நாயகிக்கும் தெரியும்.

"அருளக்கா, சோத்தை மேசையிலை வையுங்கோ. மீன் பொரிக்கிறன். இருந்து எங்களோடை சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அருள்நாயகி சட்டியை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து அமர்ந்தாள். எண்ணெய் கொதித்து மீன் விழுந்ததும் வீடு முழுக்க மணந்தது. மகேஸ்வரன் போனைக் காதுக்கருகே பிடித்தபடியே போய், மணம் அயலுக்கும் போகட்டுமென்று தெருப்பக்க ஜன்னலை அகலத் திறந்துவிட்டார்.