தொப்புளைச் சுற்றி ஊசி

அக்காவைக் கடித்தது, கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜுக்குப் பின்னால் திரிந்த கட்டாக்காலி நாய். மறுநாள் அது வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. அந்தக் காலத்து விசர்நாய்த் தடுப்பூசி ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றிப் போட வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்ததே அக்காவைக் கனடா மாப்பிள்ளையிடம் அனுப்பத்தான். விசாவுக்குக் காத்திருந்தோம். வெள்ளவத்தையில் ஒருவர் தும்மினால் கனடாவில் கேட்கும் என்று அம்மாவுக்குப் பயம். அதிலும் ஊசி போடும் அறையிலிருந்த நேர்ஸ் மாப்பிள்ளையின் ஊர்க்காரி.

ஒரு வாரம் போனபின் அக்கா சொன்னாள்: "அம்மா, கால் விறைக்குது. செருப்புக் கழருறதுகூடத் தெரியேல்லை."

"செக்பொயின்ற்றிலை வெயிலுக்கை நிண்ட களைப்பு. அங்கை வாய் திறக்காதை. நரம்பு வருத்தக்காரி எண்டு கதை கட்டினால் கலியாணம் குழம்பிப் போகும்."

ஊசிக்கு முன் டொக்டர் ஒவ்வொரு நாளும் கேட்பார். "கை கால் விறைப்பு ஏதும் இருக்கோ?" அக்கா வாயெடுக்குமுன் அம்மா முந்திக்கொள்வார். "ஒண்டுமில்லை டொக்டர், நல்ல சுகம்." அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காலி வீதிச் செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அக்கா எழும்பவில்லை. "பஹின்ன!" என்று இறங்கச் சொல்லிச் சிப்பாய் சிங்களத்தில் கத்தினான். எழும்ப முயன்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். கத்தியவனே அவளைத் தூக்கி த்ரீவீலரில் ஏற்றிவிட்டான்.

"இந்த ஊசி எப்பவாவது ஒராளின்ரை நரம்பைத் தாக்கும். அது வலு அபூர்வம்," என்றார் டொக்டர். "விறைச்ச அண்டே சொல்லியிருந்தால் இதை நிப்பாட்டி வேறை ஊசிக்கு மாத்தியிருப்பம்."

நான் ஊசியைக் குறை சொல்லமாட்டேன். ஊசியே போடாமல் விட்டிருந்தால் அக்காவும் அந்த நாயைப் போலத்தான் போயிருப்பாள். பிற்காலத்தில் என் மகளை நாய் கடித்தபோது, புது ஊசி போட நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் அக்காவின் கால்களுக்கு உயிர் திரும்பவேயில்லை. அந்தத் துக்கம் எனக்கு ஆறவில்லை.

கனடாவிலிருந்து டெலிபோன் கோல் வந்தபோதெல்லாம், "அவ கோயிலுக்குப் போட்டா," என்று அம்மா சமாளித்தார். மாதக்கணக்காக அதே கோயில். கடைசியில் ஒருநாள் அக்கா போனைத் தன் கையில் வாங்கினாள்.

"நான் கோயிலுக்குப் போகேல்லை. நாய்க்கடி ஊசியாலை எனக்குக் காலிரண்டும் ஏலாமல் போட்டுது. நீங்கள் வேறை இடம் பாருங்கோ."

அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை ஏதோ கேட்டார்.

"விறைக்கேக்கையே டொக்டரிட்டை ஏன் சொல்லேல்லை எண்டோ?" அக்கா அம்மாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டுதான்."

அம்மா சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்தார். அவரைத் தூக்கிவிட நான் போகவில்லை.